பார்பர் செடிக்குக் காமாலை

பாட்டனி படித்தவளிடம் யாரும் ஒரு குச்சியைக் கொண்டுவந்து நீட்டக்கூடாது. நீட்டினால் சும்மா இருக்கமாட்டாள். உடனே தீர்ப்பு சொல்லிவிடுவாள்.

நான் சொன்னேன். இந்த ஜனவரியில், பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், கையில் டீ டம்ளரோடு நின்றுகொண்டே சொன்னேன்.

குச்சியைக் கொண்டுவந்தவர் பழனிசாமி. மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுப் பின்போர்ஷனில் குடியிருப்பவர். சொந்த ஊர் ஹனூர். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியின் தோட்டத்தில் எட்டு வருஷமாக வேலை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். வாடகைக்கு வந்த புதிதில் எங்கள் கறிவேப்பிலைக் கன்றிடம் பேசிக்கொண்டிருந்தாரே தவிர, எங்களிடம் பேசவே இல்லை!

"அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க. நீங்க செடிப் படிப்பு படிச்சவங்கன்னு ராசாத்தி சொல்லுச்சு."

ராசாத்தி அவர் மனைவி. படித்தது என்னவோ உண்மைதான். முப்பது வருஷத்துக்கும் முன்னால். அப்புறம் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் ஃபைல் தள்ளினேன். என் பாட்டனி இன்றைக்குக் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத்தான் பயன்படுகிறது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம்... கௌரவம் விட்டால்தானே?

"என்ன செடி இது?"

"பார்பர் செடிங்க. நாப்பது வச்சோம். கத்திரிக்காத் தோலாட்டம் எலை, அத்தனை அழகு. இப்ப ஒரு எலை இல்லீங்க. நாப்பதும் மொட்டை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொட்டை ஆனதால பார்பர் செடின்னு பேர் வச்சுட்டீங்களா? உங்க ஆளுங்க சரியான குசும்பு பிடிச்சவங்க."

அவர் சிரிக்கவில்லை. அப்போதாவது நான் விழித்திருக்க வேண்டும்.

"சூப்பர்வைசரு, நீதான் தண்ணி வுடாமக் காய வுட்டுட்டேங்கறாருங்க. உசிரு இருந்தா நீ இரு, செத்திருந்தா செடியோட நீயும் கெளம்புன்னு சொல்லிப்போட்டாரு. நாளைக்குக் காலைல பதில் சொல்லோணும். நான் ஒரு நாள்கூட தண்ணி வுடாம இருக்கலீங்க."

எட்டு வருஷ வேலை, ஒரு குச்சியில் நிற்கிறது. நான் என்ன செய்தேன்? கண்ணாடிகூடப் போடவில்லை. நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். இது எல்லாத் தோட்டக்காரருக்கும் தெரிந்த சோதனைதான். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. இல்லாவிட்டால் இல்லை.

உள்ளே பச்சை இல்லை. பளீரென்று மஞ்சள்.

"அய்யோ... காமாலைங்களா?" என்றார் பழனிசாமி.

"காமாலைன்னே வச்சுக்குங்க. இது போயிடுச்சு பழனிசாமி. பச்சையே இல்ல பாருங்க."

அவர் குச்சியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நான்தானுங்க கொன்னு போட்டேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. குச்சியைப் படியோரமாக மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

நான் டீயைக் குடித்து முடித்தேன். அது ஆறிக்கூடப் போகவில்லை. அவ்வளவு சீக்கிரத்தில் வேலை முடிந்துவிட்டது!

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ராசாத்தி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கையில் அதே குச்சி.

"அவரு சாப்புடாமப் போயிட்டாருங்கம்மா. செத்துப்போச்சுன்னு சொல்லிட்டு வந்துடறேன்னு போயிருக்காரு. நெசமாவே செத்துப்போச்சுங்களா? காஞ்ச குச்சி ஒடியுமில்லீங்க? இது வளையுது பாருங்க."

வளைத்துக் காட்டினாள். வளைந்தது.

"சிலது அப்படித்தான் ராசாத்தி..." என்று மழுப்பினேன். "மொட்டை ஆனதும் பார்பர் செடின்னு பேரே வச்சுட்டாங்க, இனிமே..."

"மொட்டையானதுக்கு அப்புறமா? இல்லீங்களே! வண்டியில வந்து எறங்கும்போதே அதுக்குப் பேரு பார்பர் செடிதானுங்க. தொட்டிக்குத் தொட்டி அட்டையில அப்படித்தான் எழுதியிருந்துதுன்னு அன்னிக்கே வந்து சொன்னாரு."

வரும்போதே பார்பரா? இலையோடு இருக்கும்போதேவா?

கடவுளே... பார்பெரி!

வாசகர்களே, இந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் முழுக்க என் மேல்தான். பார்பெரி என்று ஒரு வார்த்தையைச் சரியாகக் கேட்டிருந்தால் போதும், முப்பது வருஷத் தூசிக்கு அடியிலிருந்துகூட எனக்குப் பாடம் ஞாபகம் வந்திருக்கும். நான் கேட்டது பார்பர். கேட்டதும் ஜோக் அடித்தேன்.

பார்பெரி ஜப்பான் பக்கத்துச் செடி. அழகுக்காக ஊர் ஊராக எடுத்துப்போனார்கள். சில தேசங்களில் பறவைகள் அதன் சிவப்புப் பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குள் போட்டு, இப்போது அது அங்கே வேண்டாத விருந்தாளி. அது இருக்கட்டும். முக்கியமான விஷயம் வேறு. அதன் கட்டையே மஞ்சள். பட்டைக்குள் மஞ்சள், வேருக்குள் மஞ்சள். திடகாத்திரமாக இருக்கும்போதும் மஞ்சள்தான். நம் நீலகிரியில் அதற்குச் சொந்தக்காரச் செடி ஒன்று உண்டு, ஊசிக்கலா என்பார்கள். அதைச் சுரண்டினாலும் மஞ்சள்தான். பிறவி நிறத்தைப் பார்த்துக் காமாலை என்று சொல்லியிருக்கிறேன்!

இலை? குளிர்தேசத்துச் செடி, குளிர்காலம் வந்தால் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கும். ஏதோ மலை நர்சரியிலிருந்து வந்திருக்கிறது. மைசூர்க் குளிரெல்லாம் ஒரு குளிரா என்று அதற்கு யார் சொல்வது? பழக்கதோஷத்தில் கொட்டியிருக்கிறது.

இந்த முறை கண்ணாடியைப் போட்டேன். பார்பெரியின் முள், முள்ளே அல்ல. ஊசியாகிப்போன இலை. இலையின் கக்கத்தில் மொட்டு இருக்கும் என்பது முதல் வருஷப் பாடம். அப்படியானால் முள்ளின் கக்கத்தில்?

இருந்தது. கடுகில் பாதி அளவு. ஒவ்வொரு முள்ளுக்கும் ஒன்று.

"ராசாத்தி, தூங்குதுடி! சாகல, தூங்குது!"

அவள் அழுதாள். நான் போனை எடுத்தேன். பழனிசாமியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துவிடுவாராம். அப்புறம் என்ன, ஸ்கூட்டர்தான். நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு ஹெப்பாள் வரைக்கும் போனவள் மைசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கேட்டில் வாட்ச்மேனிடம் மன்றாடி உள்ளே போனால், பாத்தியில் ஒரு பக்கம் காலி. பன்னிரண்டு செடியைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் மஞ்சு நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது, நல்ல பையன்தான்.

"நில்லுங்க, நில்லுங்க, அதுக்கு உயிர் இருக்கு" என்று கன்னடத்தில் கத்தினேன்.

மஞ்சு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேடம், சத்தோகிதெ அந்த நீவே ஹேளித்ரந்தெ?" செத்துப்போச்சு என்று நீங்களேதான் சொன்னீர்களாமே?

நியாயமான கேள்வி. நாலு தோட்டக்காரர்கள், இரண்டு செக்யூரிட்டி, மாடி ஜன்னலில் நாலைந்து முகம். எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"தப்பு நந்து" என்றேன். என் தப்பு. "அவரு ஒழுங்கா தண்ணி விட்டிருக்காரு. எனக்குத்தான் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

ஐம்பத்தாறு வயதில் இந்த வாக்கியத்தைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒருதரம் முயற்சி செய்யுங்களேன்.

மொட்டைக் காட்டினேன். மஞ்சு குனிந்து, போன் காமிராவில் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்துக் குச்சியையும் பார்த்தார். கடைசியில், "யுகாதி வரெகூ நோடோண" என்றார். யுகாதி வரைக்கும் பார்க்கலாம்.

பழனிசாமி எங்கே? சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். பிடுங்கிப்போட்ட பன்னிரண்டு செடியின் வேரையும் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் அடுக்கியிருந்தார்.

"செத்துப்போச்சுன்னுதானே நான் சொன்னேன்? அப்புறம் எதுக்கு ஈரச் சாக்கு?"

"வெயில்ல கெடந்துதுங்கம்மா... மனசு கேக்கலீங்க."

என் வாயால் இறந்துபோன செடிக்கு இவர் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வேலை போகும் நாளில்! மன்னிப்புக் கேட்டேன். "அட, வுடுங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கறீங்களா?" என்றார்.

அப்புறம் எட்டு வாரம். அந்த எட்டு வாரமும் எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. தினம் சாயங்காலம் அவர் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவேன். தலையை ஆட்டுவார். இன்னும் இல்லை. உண்மையில் தூக்கம்தானா, இல்லை, இரண்டாவது தரமும் உளறிவிட்டேனா?

யுகாதிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நாள், சைக்கிளை ஸ்டாண்ட்கூடப் போடாமல் ஓடிவந்தார். "வந்துருச்சுங்கம்மா! எலை வந்துருச்சு!"

முப்பத்தேழு செடி துளிர்த்தது. பிடுங்கித் திரும்ப நட்ட பன்னிரண்டில் மூன்று பிழைக்கவில்லை. அந்த மூன்றும் என் கணக்கு.

போன வாரம் போய்ப் பார்த்தேன். பூத்திருக்கிறது. இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, குண்டுமணி அளவில் வெளிர் மஞ்சள் பூ. பழனிசாமி ஒரு துரும்பை எடுத்துப் பூவுக்குள் ஒரு மகரந்தக் காம்பின் அடியைத் தொட்டார். அது வெடுக்கென்று உள்பக்கம் மடங்கியது. தேனுக்கு வரும் பூச்சியின் மேல் மகரந்தத்தைப் பூசிவிட அது செய்யும் வேலை என்று என் பாடப்புத்தகத்தில் இருந்தது. நான் படித்துப் பரீட்சை எழுதினேன். பார்த்தது இப்போதுதான். அவரோ யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்.

"கூச்சப்படுதுங்க" என்றார், ஏதோ சொந்த மகளைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அதே நாளில் கம்பெனியில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, செடிகளைக் காப்பாற்றிய மேடம் என்று சால்வை போர்த்திவிட்டார்கள். இந்தக் கதையைப் பரப்பியவர் யார் தெரியுமா? பழனிசாமி! "இல்ல, இவருதான்" என்று மைக்கில் சொன்னேன். தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து பலமாகத் தட்டியவரும் அவரே. வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். "நீங்க வந்து சொல்லலீன்னா போயிருக்குமுங்களே" என்கிறார். முதலில் போயிடுச்சு என்று சொன்னதே நான்தான் என்பது அந்த மனிதர் மண்டையில் ஏறவே இல்லை.

அதனால் இங்கே அச்சில் போட்டுவிடுகிறேன். அந்த நாற்பது செடிகளையும் கொல்லப் பார்த்தது நான். முப்பத்தேழைக் காப்பாற்றியது பழனிசாமி.

அவர் ஹனூரில் கன்னட மீடியம் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. ஆனால் ராசாத்தி எல்லையில் ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மேட்டூர்ப் பெண். வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை ஒரு எழுத்து விடாமல் படிப்பவள்.

ராசாத்தி... இந்த வாரம் கொஞ்சம் சத்தமாகப் படி.