யாரும் பார்க்கக் கூடாது என்று ஜெபித்தேன்

சபையாரே, என் தங்கை கணவன் சாமுவேல் நட்டநடுக் கண்மாயில், உச்சி வெயிலில், என் மடியில் சாகக் கிடந்தான். ஒரு மிட்டாய் இருந்தால் போதும், எழுந்து உட்கார்ந்திருப்பான். அந்த மிட்டாயைப் பிடுங்கி வீட்டில் வைத்துவிட்டு வந்தவன் நான்தான். இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. சொல்லாமல் விட்டால் ஆண்டவர் செய்த நன்மையை மறைத்தவன் ஆவேன்.

போன வருஷம் ஆண்டு விழாவுக்கு முன்னால் நான் பண்ணிய அலப்பறை உங்களுக்கு நினைவிருக்கும். ரோடே இல்லாத காலத்தில் நம் முதல் போதகர் மதுரையிலிருந்து மேற்கே ஜீப்பில் போய் ஊழியம் செய்தார். மாட்டுவண்டித் தடம், வயக்காடு, வற்றிய கண்மாய், இவைதான் அவருக்கு வழி. ஒரு தாம்புக்கயிறு, ஒரு மண்வெட்டி, சேற்றில் போட இரண்டு பலகை, அவ்வளவுதான் துணை. அதே வழியில் என் பழைய ஜீப்பை ஓட்டிப் போய் நம் கிராம சபையில் நிறுத்துகிறேன், தார் ரோட்டில் டயர் படாது என்று இதே மைக்கைப் பிடித்துச் சொன்னேன். கப்பலூரில் பட்டறை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாத வண்டியா என்ற திமிர்.

பெண்கள் ஐக்கியத்துத் தலைவி எஸ்தர் அக்கா அன்றைக்கே சொன்னார்.

“தம்பி, விழா அசனச் சாப்பாட்டை ஏத்திக்கிட்டு நாங்க வேன்ல தார் ரோட்டுலதான் வாரோம். நீங்களும் பின்னாடியே வாங்க. மழை வேற பெஞ்சிருக்கு.”

“உங்களுக்குத்தான்க்கா ரோடு வேணும். எனக்கு எதுக்கு?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கைதட்டல் மாதிரி இருந்தது.

சாமுவேலுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் ஊசி போட்டுக்கொள்கிறவன். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். தங்கை ஒரு பையில் பிஸ்கட்டும் மிட்டாயும் போட்டுக் கொடுத்திருந்தாள். கிளம்பும்போது அதை வாங்கி அவர்கள் வீட்டுச் செருப்பு அலமாரி மேல் வைத்தேன். இரண்டு பேர் போனையும் அங்கேயே வைத்தேன்.

“எல்லாம் அந்தக் காலத்துல இருந்தாப்லயே இருக்கணும் மாப்ள. போதகரு பிஸ்கட்டத் தின்னுக்கிட்டா போனாரு?”

“எனக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல மச்சான்?”

“நான் இருக்கேன்ல.”

அந்த இரண்டு வார்த்தை இப்போதும் என்னைத் தூங்க விடுவதில்லை.

கண்மாய் மேலே பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. இறங்கி மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. ஆளைத் தாங்குகிற மண் ஜீப்பையும் தாங்கும் என்று நினைத்தேன், மடையன். பாதித் தூரம் போனதும் மேல்ஓடு உடைந்து முன்சக்கரம் கரம்பைச் சேற்றுக்குள் இறங்கியது. பின்னால் எடுத்தேன், பின்சக்கரமும் புதைந்தது. பலகை போட்டோம், பலகையைச் சேறு விழுங்கிவிட்டது.

மண்வெட்டியை வாங்கிச் சாமுவேல்தான் அதிகம் வெட்டினான். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. நானோ ஸ்டியரிங்கில் தலை வைத்து ஜெபித்துக்கொண்டிருந்தேன். “ஆண்டவரே, யாரும் பார்க்கிறதுக்குள்ள வண்டியை வெளியே எடுத்துக் கொடும். எஸ்தர் அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது.” வெளியே அவனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. உள்ளே நான் என் மானத்துக்காக ஜெபம் பண்ணுகிறேன். இப்படியும் ஒரு விசுவாசி.

மண்வெட்டி கீழே விழுகிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். அவனுக்குக் கை கால் வெடவெடத்தது. பேச்சுக் குழறியது. என்னைப் பார்த்து, “அப்பா, வீட்டுக்குப் போவோம்ப்பா” என்றான். அவனுடைய அப்பா இறந்து வெகுகாலம் ஆகிறது.

ஜீப் முழுவதும் துழாவினேன். தண்ணீர் இருந்தது. கயிறு இருந்தது. இனிப்பாக ஒரு துணுக்கு இல்லை. ஓடிப்போய் ஆள் கூட்டி வரலாம் என்றால், திரும்பும்போது இருப்பானா என்று பயம். தொண்டை கிழியக் கத்தினேன். சுற்றிலும் சீமைக்கருவேலம்தான். தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்ததும் உடைந்துபோனேன்.

அவன் தலையை மடியில் வைத்துச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். “ஆண்டவரே, யாராவது எங்களைப் பார்க்கட்டும். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவங்களா இருந்தாலும் பரவாயில்லை. அவங்களையே அனுப்பும்.”

கொஞ்ச நேரத்தில் கரை மேல் ஹாரன் சத்தம். நம்ம வேன். தார் ரோட்டில் போக வேண்டிய வேன். பாலத்தில் வேலை நடக்கிறதென்று ஓட்டுநர் போன் மேப்பைப் பார்த்துத் திருப்ப, அது கண்மாய்க் கரையில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. யாருக்குத் தெரியக் கூடாது என்றேனோ, அந்த எஸ்தர் அக்காதான் முதலில் இறங்கினார். சர்க்கரை இறங்கிருச்சு என்று நான் கத்தியதும் அசனப் பாயசத்தை ஒரு சொம்பு நிறைய மொண்டுகொண்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து வந்தார்.

“மெதுவா முழுங்குங்க தம்பி. இன்னுங் கொஞ்சம்.” கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாமுவேலுக்கு மெல்ல நிதானம் வந்தது. என்னைப் பார்த்தான். “மச்சான், வண்டி வெளிய வந்துருச்சா?” என்று கேட்டான். சாவு வரைக்கும் போய்த் திரும்பியவனுக்கு என் வண்டியைப் பற்றிக் கவலை. நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஜீப்பை அங்கேயே விட்டோம். வேனில் இடமில்லை. அண்டாக்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன். அக்கா அப்போதுதான் என்னிடம் பேசினார். “தம்பி, பாயசம் சிந்துது. மூடியப் பிடிச்சுக்கங்க.” ஊர் வரைக்கும் பிடித்துக்கொண்டே போனேன், தார் ரோட்டில்.

ஊர் எல்லையில் ஜீப்புக்கு மாலையோடு மேளம் காத்திருந்தது. பெண்கள் வேனிலிருந்து தலை முதல் கால் வரை சேறோடு நான் இறங்கியதும் மேளம் நின்றுவிட்டது. அந்த அமைதி எனக்கு வேண்டியதுதான்.

வீடு திரும்பியதும் தங்கையிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவள் செருப்பு அலமாரி மேல் இருந்த அந்தப் பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். அது இப்போது, பிறகு மீட்டெடுத்த ஜீப்பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

உங்களில் யாராவது எதிலாவது புதைந்திருந்தால், யாரும் பார்க்கக் கூடாது என்று மட்டும் ஜெபிக்காதீர்கள். என் ஜெபத்தையே கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார். அவர் யாரை அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு அசனத்துக்கு அண்டா ஏற்றுவது என் ஜீப்தான். எஸ்தர் அக்கா முன்சீட்டில் வருகிறார். அவர் சொல்கிற ரோட்டில்தான் போவேன்.