பின்னாலிருந்து நீட்டிய கால்

சென்ற டிசம்பரில் ஒருவருடைய காலை உடைத்துவிட்டதாகவே நினைத்தேன்.

தீவில் ஜங்லிகாட் என்ற பகுதியில் எங்களுக்கு ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை. சாயங்காலங்களில் மைதானத்துக்குக் கால்பந்து ஆடப் போவேன். அன்று எங்களோடு ஆட வந்தவர் இருபத்திரண்டு வயது அமெரிக்கர். ஐரோப்பாவில் கோல் அடிப்பதுதான் அவருக்குத் தொழில். விடுமுறைக்குத் தீவுக்கு வந்திருந்தார். இரண்டு முறை என்னை ஏமாற்றிவிட்டுக் கோல் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் முறை, பந்து எனக்கு எட்டாது என்று தெரிந்தே பின்னாலிருந்து காலை நீட்டினேன்.

அவர் உருண்டு விழுந்தார். முழங்காலைப் பிடித்தபடி அசையாமல் கிடந்தார்.

"பாகல் ஹோ கயா க்யா? பைத்தியமாடா உனக்கு? அந்தக் கால்தான்டா அவருக்குச் சோறு போடுது!" என்று நண்பன் சலீம் கத்தினான்.

எனக்குப் போலீஸ், ஆஸ்பத்திரி, அப்பாவின் முகம் என்று என்னென்னவோ தோன்றின. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவர் மெல்ல எழுந்து காலை ஊன்றிப் பார்த்தார். "ஒன்றுமில்லை. ஸ்காட்லாந்தில் ஆடியபோது வாரா வாரம் இப்படி அடி வாங்கினேன். போர்ச்சுகலுக்குப் போன பிறகுதான் அடி விழுமுன் காலைத் தரையிலிருந்து எடுத்து, காயமில்லாமல் விழக் கற்றுக்கொண்டேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

மன்னிப்புக் கேட்டுக் கையை நீட்டினேன். என் கையைப் பற்றிய அவர் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

இரண்டு நாட்டு ஆட்டம் அவருக்கு விழவும் எழவும் சொல்லிக்கொடுத்திருந்தது. பயத்தை மட்டும் போக்கவில்லை.

இப்போதெல்லாம் ஏன் ஒதுங்கி ஆடுகிறாய் என்று சலீம் கேட்கிறான். அந்த நடுக்கத்தைப் பற்றி அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.