வெள்ளைக் கோட்டும் ஒரு பீப்பாய்த் தண்ணீரும்

விஞ்ஞானக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் தொழில்நுட்பத்துக்கும் முழு ஆதரவு அளிக்க அரசாங்கம் உறுதிபூண்டுள்ளதாகப் போன கிழமையும் வானொலியில் சொன்னார்கள். இந்த வாக்கியத்தோடு எனக்கு நீண்டகால உறவு உண்டு. கல்வி அலுவலகத்தின் திட்டமிடல் பிரிவிலிருந்து ஓய்வுபெறும்வரை, வருகிற அமைச்சர்கள் மேடையில் வாசிப்பதற்காக அதை எத்தனையோ முறை தட்டச்சுச் செய்து கொடுத்திருக்கிறேன். அமைச்சர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின, தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தது. உறுதி மட்டும் பூண்டபடியே இருந்தது. அதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குப் பத்து வயது. அந்த முறை அதைக் குலைத்தது எதிர்க்கட்சி அல்ல, நான்.

எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் என் தாய்மாமா. ஒருநாள் அவருக்குக் கல்வித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. வட்டாரத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று தெரிவுசெய்து, அங்கே விஞ்ஞான ஆய்வுகூடம் அமைக்கப்போகிறார்களாம். நுணுக்குக்காட்டி, கண்ணாடிக் குடுவைகள், சுடரடுப்பு, நீள மேசைகள் எல்லாம் கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. தனி அறை உண்டா? பூட்டக்கூடிய கதவு உண்டா? அறைக்குள் குழாய்நீர் வசதி உண்டா?

அறை இருந்தது. பூட்டும் இருந்தது. குழாய்நீர் அப்போது எங்கள் பக்கத்துக்கு வந்திருக்கவில்லை. பள்ளிக்கூட வளவின் மூலையில் ஒரு கிணறுதான். பிற்காலத்தில் இத்தகைய படிவங்களை நானே தயாரித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இது படிவத்தின் குற்றமல்ல. படிவம் ஒருநாளும் ஊரைப் பார்த்ததில்லை. மாமா அதை நன்றாக விளங்கிக்கொண்டு, மூன்றாம் கேள்விக்கு எதிரே 'உண்டு' என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் உண்டாக்கும் வேலையைத் தொடங்கினார்.

அப்பா துறைமுகத்துக் களஞ்சியத்தில் வேலை பார்த்தார். வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன பழைய சாமான்கள் அவ்வப்போது கழித்து ஏலம்விடப்படும். அப்படி ஏலத்தில் எடுத்த ஓர் இரும்புப் பீப்பாய், ஒரு நீளக் குழாய், கைப்பிடி வைத்த பித்தளைத் திருகு எல்லாம் எங்கள் பாலையூற்று வீட்டின் பின்புறத்தில் கிடந்தன. மாமா வந்து கேட்டார். அப்பா உடனே அவற்றை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார். பீப்பாயை அறைக்கு வெளியே, பின்சுவரோடு உயரமான மரச்சட்டத்தில் ஏற்றி, குழாயைச் சுவரில் துளைத்து உள்ளே விட்டு, அதன் நுனியில் திருகைப் பொருத்தினார்கள். கீழே ஒரு பீங்கான் தொட்டி. பீப்பாயை நிரப்பிவிட்டால் நகரத்துக் குழாய் தோற்றுப்போகும்.

இதுவரை எனக்கு ஒருவரோடும் பகை இல்லை. பகை வந்தது வெள்ளைக் கோட்டினால்.

மாமாவுக்கு ஒரே மகள். எனக்கு மச்சாள். எட்டாம் வகுப்பு, என்னைவிட மூன்று வயது மூப்பு. கணக்கில் கெட்டிக்காரி, சிவப்பி, இரட்டைப் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். இவற்றையெல்லாம் நான் ஏற்கெனவே ஓரளவு பொறுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் படிவத்தைச் சரிபார்க்கத் திணைக்கள அதிகாரி பார்வையிட வரும் நாளில் அவள் ஆய்வுகூட மேசையருகே நின்று திருகைத் திறந்து காட்ட வேண்டும் என்று மாமா முடிவுசெய்தார். அதற்காக ஒரு வெள்ளைக் கோட்டும் தைப்பித்தார். முழங்கால்வரை நீளம், இரண்டு பைகள், ஐந்து பொத்தான்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் தங்கள் அன்புவழிபுரத்து வீட்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"உனக்கு நிலத்தில இழுபடும். ஊத்தையாக்கிப்போடுவாய்" என்றாள்.

மாமாவிடம் போனேன். நானும் அறைக்குள்ளே நிற்கிறேன் என்றேன்.

"ஐஞ்சாம் வகுப்பு உள்ள வர ஏலாது பிள்ளை. உங்களுக்கு வேற வேலை இருக்கு" என்றார்.

அந்த வேறு வேலை, கிணற்றிலிருந்து பீப்பாய்வரை வரிசையாக நின்று வாளி கைமாற்றுவது. அப்பாவின் பீப்பாய், அப்பாவின் குழாய், அப்பாவின் திருகு. அதைத் திறக்கிற கை மாத்திரம் அவளுடையது. நீதி பற்றி எனக்குப் பிற்காலத்தில் பல சுற்றறிக்கைகள் வாசிக்கக் கிடைத்தன. ஆனால் அன்றைக்கு எரிந்தது போல வயிறு பிறகு எரிந்ததில்லை.

அதிகாரி வரும் நாள் காலையில் பீப்பாயை விளிம்புவரை நிரப்பினோம். அவருடைய ஜீப் சந்தியில் திரும்புவது தெரிந்ததும் மாலை, வரவேற்புப் பாட்டு என்று முழுப் பள்ளிக்கூடமும் வாசலுக்கு ஓடியது. மச்சாளும் கோட்டோடு ஓடினாள், மாலை போடுவதும் அவள்தான். நான் ஓடவில்லை. அறைக்குள் போய்த் திருகைத் திறந்துவிட்டேன். தண்ணீர் தொட்டியில் விழுந்து, கழிவுத் துளையால் வெளியே போய், பின்வளவு வாழைகளுக்குப் பாய்ந்தது. பாட்டு நீளமானது. வரவேற்புரை அதைவிட நீளமானது. அதில்தான் மாமா, விஞ்ஞானத்துக்கு அரசாங்கம் உறுதிபூண்டிருக்கிறது என்று சொன்னது சன்னலால் கேட்டது. கடைசிச் சொட்டும் விழுந்த பிறகு திருகைப் பூட்டிவிட்டு மற்றப் பிள்ளைகளோடு போய் நின்றுகொண்டேன். என் பாவாடை நனைந்திருந்தது. வாளி தூக்கிய எல்லோருடைய உடுப்பும் நனைந்திருந்ததால், அது சாட்சியமாக எடுபடாது.

நாங்கள் சன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தோம். அதிகாரி அறையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், படிவத்தில் குறித்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். மாமா கண் காட்டினார். மச்சாள் முன்னால் வந்து, ஒத்திகை பார்த்தபடியே சிரித்துக்கொண்டு திருகைத் திறந்தாள். குழாய் இருமியது. பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

"அமுக்கம் குறைவு சேர். சில நேரம் இப்பிடித்தான்" என்றார் மாமா.

"டவுனில இண்டைக்கு நல்லா வந்ததே, மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு அதிகாரி வெளியே நடந்தார். சுவரைச் சுற்றிப் போய், சட்டத்தில் ஏறியிருந்த பீப்பாயை அண்ணாந்து பார்த்தார். அதன் வயிற்றில் விரலால் தட்டினார். கோயில் மணி போலக் கேட்டது. எனக்கு இனித்தது.

அவர் நல்ல மனிதர். கோபிக்கவில்லை. மாமாவின் தோளில் கைவைத்து மெதுவாகத்தான் சொன்னார்.

"தண்ணி வந்திருந்தா நான் வெளிய வந்திருக்க மாட்டன், மாஸ்டர். கண்டபிறகு எப்பிடி உண்டு எண்டு எழுதுறது?"

அந்த வாக்கியத்தின் பெறுமதி எனக்கு நாற்பது வருட அரச சேவைக்குப் பிறகே முழுதாக விளங்கியது. அவர் உதவி செய்யத்தான் வந்திருந்தார். பீப்பாயைக் காணாமல் இருக்க அவருக்கு ஒரு வாளி தண்ணீர் போதுமாயிருந்தது.

மச்சாள் கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள். கோட்டு ஊத்தையானது.

அன்று பின்னேரமே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னதற்கும் இருக்கவில்லை.

"அத்தான், உங்கட துறைமுகத்துச் சாமானை நம்பினன் பாருங்கோ! ஒழுகி முழுத் தண்ணியும் போட்டுது."

"என்ர திருகு ஒழுகாது" என்றார் அப்பா. "நான் பூட்டிப் பாத்துத்தான் தந்தனான். வேணுமெண்டா உன்ர பள்ளிக்கூடத்துப் பிள்ளையளைக் கேள்."

அதோடு இரண்டு வீட்டுக்கும் கதை நின்றது. அம்மா தன் தம்பிக்கும் கணவனுக்கும் நடுவில் குசினியில் அடுப்போடு ஒளிந்துகொண்டாள். நல்லநாள் பெருநாளுக்கும் போக்குவரத்து இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவுமில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை அப்பா என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இறங்குதுறையில் மூதூருக்குப் போகும் லாஞ்சுப் படகில் மரப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி, கவனம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அப்பா பெட்டிகளோடு வந்த பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டு, ஆய்வுகூடச் சாமான் என்றார். குடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்துவிட்டதாம். லாஞ்சு இரைந்துகொண்டு விலகியது. பெட்டிகள் சிறிதாகிச் சிறிதாகிப் போவதை நான் ஒரு கண்காட்சி போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் சிரிக்கிறாய்?" என்றார் அப்பா.

"மச்சாளுக்கு இல்லைத்தானே."

அப்பா என்னைக் கனநேரம் பார்த்தார். அடிப்பாரோ என்று ஓரடி தள்ளி நின்றேன். அவர் அடிக்கவில்லை.

"உனக்கும்தான் இல்லை" என்றார்.

எனக்கு அது வேண்டாம் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். எட்டாம் வகுப்பு என்பது எனக்கும் வரும் என்ற கணக்கு என்னிடம் இருக்கவில்லை. மாமா வசதியுள்ளவர், மகளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி விடுதியில் வைத்து விஞ்ஞானம் படிப்பித்தார். அவள் டொக்டர் ஆனாள். என் முறை வந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவுதான் இருந்தது. நான் படிவங்கள் தயாரிக்கப் போனேன். மச்சாள் இன்றைக்கும் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அன்பாகத்தான் கதைக்கிறாள். எனக்கு இன்றைக்கும் அது பிடிப்பதில்லை.

துறைமுகத்துக்குப் போய்வந்த அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, அப்பா சேர்ட் போட்டுக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, தானாகவே மாமா வீட்டுக்கு நடந்தார். மாமா வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"நீ சொன்னதுதான் சரி, மச்சான்" என்றார் அப்பா. "கழட்டிப் பாத்தனான். உள்ளுக்கு ரப்பர் வாசர் தேய்ஞ்சு கிடந்தது. பிழை என்னிலதான்."

 மாமா கதவை அகலத் திறந்துவிட்டார். தேத்தண்ணி வந்தது. யாழ்ப்பாணத்து விடுதி பற்றிக் கதை வந்தது. அப்பா மச்சாளைக் கிட்டக் கூப்பிட்டு, கவனமாகப் படிக்கவேணும் என்று சொல்லித் தலையைத் தடவினார். அப்பா திருகைக் கழற்றிப் பார்க்கவேயில்லை என்பது எனக்குத் தெரியும்; முதல்நாள்வரை அது ஒழுகாது என்றே சொல்லிவந்தார், முதல்நாள் முழுக்க நான் அவரோடுதான் இருந்தேன். அவர் யாருக்காகப் பொய் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. அவர் கை அவள் தலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.