மருந்துக் கடை வரிசையில் ரோசி அக்கா

செவ்வாய்க்கிழமை டியூஷன் முடிந்து, அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க மேனாம்பேட்டு மெடிக்கல் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாபு அண்ணன் சீட்டைக் கையில் வாங்காமலே சொன்னார்: "ரோசிக்கா பூட்டாங்கம்மா. காலைல கம்பெனில நெஞ்சு வலியாம்." வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை. வீட்டில் இரண்டு நாளுக்கு மாத்திரை இருந்ததால் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

இதைப் படிக்கும் நம் தெருக்காரர்களே, உங்களில் பாதிப் பேருக்கு அக்காவின் முதுகுதான் முதலில் அறிமுகமாகியிருக்கும். அந்தக் கடையில் அவருக்குப் பின்னால் அத்தனை நேரம் நின்றிருப்பீர்கள். இது எதுக்கு, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா, ஒரு வேளை மறந்துட்டா இன்னா பண்றது, சுகர் மாத்திரையோட ஒத்துப்போவுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருமுறை பின்னால் நின்ற அண்ணன் ஒருவர், "இன்னாக்கா, மருந்து வாங்குறியா, பரீட்ச வெக்கிறியா?" என்றார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெச்சா நீ பாஸாவ மாட்டே. கம்முனு நில்லு."

பாபு அண்ணன் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார். பெயரும் தேதியும் அச்சிட்ட பக்கம் வேண்டும் என்று அக்கா நிற்பார். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் மெஷின் உதிரி பாகங்களைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. "ஒரு நட்டு வந்தாலே எந்த மெஷினுக்குன்னு கேட்டுதான் வாங்குறோம். வாயில போடுறதக் கேக்கக் கூடாதா?" என்பார்.

போன வருடம் அப்பா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, புது மாத்திரைகளோடு வீட்டுக்கு வந்தார். பழையவற்றையும் நிறுத்தவில்லை. "அதுவும் டாக்டர் குடுத்ததுதானே" என்றார். நான்காம் நாள் குளித்துவிட்டு வரும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மயக்கத்துக்கு ஏதாவது வாங்கி வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினார்.

கடையில் எனக்கு முன்னால் அக்கா நின்றிருந்தார்.

"மயக்கத்துக்கா? ஒங்கப்பா வேற இன்னா மாத்திர போட்டுகினு கீறாரு?"

"தெரியலக்கா."

"தெரியாம எப்பிடி இன்னொன்னு வாங்குவே? ஓடு. ஊட்டுல கீற அட்ட எல்லாத்தையும் எடுத்துகினு வா."

பிஸ்கட் டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினேன். பாபு அண்ணன் இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெரிய எழுத்தில் இருந்த பெயர்கள் வேறு. கீழே பொடி எழுத்தில் இருந்தது ஒன்றே. ஒரே பிரஷர் மருந்து, இரண்டு கம்பெனி. அப்பா நான்கு நாளாக இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார். "அடுத்த வேளை போடுறதுக்குள்ள டாக்டரப் பாத்துடணும். இப்பவே கூட்டிகினு போங்க" என்றார் அண்ணன். பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. டாக்டர் சீட்டில் இரண்டில் ஒன்றை அடித்துவிட்டார்.

அப்பாவுக்கு அக்காமேல் கோபம்தான் வந்தது. "என் சீக்கு வரிசைல நின்னவன் எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி" என்றார். அதன்பிறகு தெருவில் அக்கா எதிரே வந்தால் போனைப் பார்ப்பார். இதை நான் தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "உசுரோட கீறதாலதானே கோவப்படுறாரு. படட்டும்."

புதன்கிழமை அடக்கத்துக்கு அப்பா வந்தார். பெட்டியைத் தூக்கும்வரை சர்ச் வாசலிலேயே நின்றார்.

மறுநாள் காலை, முதல்முறையாக, அவரே கடைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். வழக்கமான மாத்திரை இல்லையென்று பாபு அண்ணன் வேறு நிறத்தில் ஓர் அட்டையைக் கொடுத்தார். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தார்.

"இது அதேதானா?"

"அதேதாண்ணா. கம்பெனிதான் வேற."

"எத்தினி மில்லிகிராம்? அதுவும் அதேதானா?"

பின்னால் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். பதில் வரும்வரை அப்பா நகரவில்லை.

அக்காவுக்கு நன்றி என்று அப்பாவும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, புரியாததை இன்னொரு தடவை கேட்க வெட்கப்படாமலிருப்பது. எங்கள் வீட்டில் அது இப்போது இரண்டு பேரிடம் இருக்கிறது.