கோரமண்டல் வரைக்கும் துப்பட்டா

மாரிகுப்பத்தில் பெங்களூர் போகிற காலை ரயில் காலியாகத்தான் கிளம்பும். கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுகிறவர்களுக்குத்தான் உட்கார இடமிருக்காது. அதனால் அவர்களுக்காகப் பக்கத்தில் துப்பட்டாவை மடித்துப் போடுவோம். "ஆள் வருது" என்று சொன்னால் போதும், எங்கள் பெட்டியில் எந்தப் பெண்ணும் அங்கே உட்கார மாட்டாள். என் சிநேகிதிக்கு வருஷக்கணக்காக அப்படி இடம் போட்டவள் நான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பெங்களூரில் என் ஆபீஸிலேயே அவளுக்கு வேலை கிடைக்க மேனேஜரிடம் கெஞ்சியதும் நான்தான்.

வெளிக் கம்பெனிகளின் சர்வர்களை எங்கள் இடத்திலிருந்தே பார்த்துக்கொள்கிற வேலை அது. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஒரு சின்ன கார்டு இருக்கும். அதற்குள் நுழைந்தால் மிஷினையே அணைக்கலாம், எழுப்பலாம். யார் நுழையலாம் என்பதை டைரக்டரி முடிவுசெய்யும். ஆபீஸில் இருப்பவர்களின் பெயரெல்லாம் குரூப் குரூப்பாக அதில் இருக்கும். அட்மின் குரூப்பில் பெயர் இருந்தால் உங்கள் பாஸ்வேர்டுக்கு எல்லா மிஷினும் திறக்கும். பெயரை எடுத்தால் ஒன்றும் திறக்காது. அந்தக் குரூப்பில் பெயர் சேர்ப்பதும் எடுப்பதும் என் பொறுப்பு. மேனேஜருக்கே அதில் இடம் கிடையாது.

சிநேகிதி பிரசவ லீவில் பூதிகோட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். நீண்ட லீவில் போனால் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அவளுக்கு முன்னால் இப்படிப் போன ஒருத்தி திரும்பி வந்தபோது, இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லி போன் எடுக்கிற வேலைக்குத் தள்ளினார்கள். அதனால் நான் இவள் பெயரை எடுக்கவில்லை. கோரமண்டல் வருவதற்குள் துப்பட்டாவை எடுக்கிற வழக்கம் எங்களுக்கு ஏது?

ஒரு நாள், வேலை நேரத்தில், ஒரு கிளையண்ட்டின் சர்வர் அணைந்து போனது. அணைத்தது யார் என்று பார்த்தால் அவள் பெயர். பதறிப்போய் அவளுக்கு போன் செய்தேன்.

"மேனேஜர் பாஸ்வேர்டு கேட்டாருடி. அவசரம்னாரு, குடுத்துட்டேன். இன்னா பண்ணாருன்னு எனக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதடி, என் வேலை போயிடும்" என்று அழுதாள்.

அந்த ஆள் தவறான மிஷினை அணைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். குழந்தையைப் பார், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து வந்தார்கள். பெயரை ஏன் எடுக்கவில்லை என்றார்கள். மறந்துவிட்டேன் என்றேன். மேனேஜர் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளை ஸ்பீக்கரில் கூப்பிட்டார்கள். ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் லீவுல இருக்கேன் சார். பேரை எடுத்துடுன்னு அவகிட்ட நானே சொன்னேன். என் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும்" என்றாள்.

அப்புறம்தான் நான் உண்மையைச் சொன்னேன். யார் நம்புவார்கள்? மறந்துவிட்டேன் என்று முதலில் சொன்ன வாய்தானே. அங்கேயே லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்றார் என் வீட்டுக்காரர்.

லீவு முடிந்து வந்தவளுக்கு என் நாற்காலியைக் கொடுத்தார்கள். குரூப் பொறுப்பும் இப்போது அவளிடம்தான். எனக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு சின்ன வேலை கிடைத்தது, அதே ரயில். ரொம்ப நாள் அவள் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். போன வாரம் அங்கே கூட்டம் போலிருக்கிறது, எங்கள் பெட்டிக்கு வந்துவிட்டாள். என் பக்கத்து இடத்தில் துப்பட்டா கிடந்தது. பழக்கதோஷம், மாரிகுப்பத்திலேயே கை தானாகப் போட்டிருக்கிறது. அவள் அதைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"எனக்கா போட்டு வச்சிருக்க?" என்றாள்.

"ஆள் வருது" என்றேன்.

அதற்கு மேல் எங்கள் பெட்டியில் யாரும் கேட்கக் கூடாது. அவளும் கேட்கவில்லை. பங்காரப்பேட்டையில் கூட்டத்தோடு ஏறிய யாரோ ஒரு அம்மாவைக் கூப்பிட்டு அங்கே உட்காரவைத்தேன். நான் இறங்குகிற வரைக்கும் அவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டுதான் வந்தாள். அப்படியும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.