மனைவியை எப்படிக் கூப்பிடுவீர்கள்?

ஆபரேஷன் தியேட்டருக்கும் துணி வெளுக்கும் அறைக்கும் நடுவில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதில் ஒரு சர்வர், ஒரு ஏசி, ஒரு நாற்காலி. ஏசி சர்வருக்கு, நாற்காலி கம்ப்யூட்டர்காரருக்கு. ஒன்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். அந்த ஆஸ்பத்திரியில் அவர் குரலைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அன்று காலை மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அட்மின் கணக்கு கெட்டுப்போனது. சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும், ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்றது திரை. பிள்ளைபோலத் தூசி தட்டி வளர்த்தது அப்படிச் சொன்னால் வயிறு எரியாதா?

சர்வர் திறக்காமல் டிஸ்சார்ஜ் சீட்டு அச்சாகாது. சீட்டு இல்லாத எவரையும் வாசல் காவலாளி வெளியே விடமாட்டார். உடம்பு தேறிய நாற்பத்தோரு பேர் செருப்பை மாட்டி, பையை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்த நோயாளிகள் அவர்கள் பக்கத்திலேயே ஒடுங்கிப் படுத்தார்கள். குடல்வால் எடுத்துத் தேறிய ஒருவர், உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு பிடித்து மறுபடி நோயாளி ஆனார்.

“மத்தியானத்துக்குள்ள திறக்கலன்னா வெளி ஆளக் கூப்பிடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இல்ல” என்றார் மேனேஜர்.

வழி ஒன்று இருந்தது. சர்வர் வந்த புதிதில் கம்ப்யூட்டர்காரர் அவசரத்துக்கென்று இன்னொரு அட்மின் கணக்கைத் தொடங்கி வைத்திருந்தார். அதன் பாஸ்வேர்ட் மறந்துபோனாலும், அவரே எழுதிவைத்த கேள்விக்குப் பதில் சொன்னால் திறக்கும். மூன்று முறை தப்பாகச் சொன்னால் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். கேள்வி திரையில் வந்தது: ‘மனைவியை எப்படிக் கூப்பிடுவீர்கள்?’

‘இந்தா’ என்று அடித்தார். தவறு.

“பேர அடிங்க சார், வேற எப்படிக் கூப்பிடுவாங்க?” என்றார் மேனேஜர். அடித்தார். அதுவும் தவறு.

பின்னால் நின்ற தலைமை நர்ஸ் தாடையில் கை வைத்தார். “கட்டினவ பேரு இல்லன்னா, அப்ப யாரு பேரு?”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. கம்ப்யூட்டர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கே நினைவில்லாதபோது என்னவென்று மறுப்பார்? அந்தச் சேதி அவர் வீட்டம்மா காதுக்குப் போக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. போன் போட்டவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பாடம் படித்துக்கொண்டிருந்த பெரியவரையே ஓட்டச் சொல்லி, வாசல் பூந்தொட்டியை இடித்து வந்து இறங்கினார். நேரே அறைக்குள் போய்த் திரையைப் படித்தார். இரண்டு தரம் படித்தார்.

“நகருங்க” என்றார்.

“ஒரு வாட்டிதான் பாக்கி இருக்கு...” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

“தெரியும்.”

‘போனில்’ என்று அடித்தார். சர்வர் திறந்துகொண்டது.

“எப்படிம்மா?” என்று வாய் பிளந்தார் மேனேஜர்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்ற மனுஷன் சார் இவரு. எப்படின்னு கேட்டிருக்கு, எப்படின்னு சொல்லியிருக்காரு. இந்த சர்வர் வந்த வருஷம்தான் எங்க கல்யாணம். அந்த வருஷம் முழுக்க நான் எங்கம்மா வீட்டுல, இவரு இந்த ரூம்ல. வேற எப்படிக் கூப்பிட்டாரு?” சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் குரல் சிரிக்கவில்லை.

தாழ்வாரத்தில் சீட்டுகள் அச்சாகத் தொடங்கின. திரையோ அதே கேள்விக்குப் புதிய பதில் கேட்டு நின்றது.

“என்ன போடட்டும்?” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

“என்னைக் கேட்டா? கூப்பிட்டுப் பாருங்க. வாயில வர்றதப் போடுங்க.”

மேனேஜர், நர்ஸ், கையில் சீட்டுடன் எட்டிப் பார்க்கிற ஜனம், எல்லார் முன்னாலும் அவருக்கு வியர்த்தது. எத்தனையோ படிவங்களில் எழுதிய பெயர்தான். மனைவி முகத்தைப் பார்த்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். தாழ்வாரத்தின் கடைசிக் கட்டில் வரை கேட்டது.

“என்னங்க?” என்றார் வீட்டம்மா.

“ஐயோ சார், எல்லாருக்கும் கேட்டுடுச்சே! இதப் போட்டா பாதுகாப்பே போச்சே!” என்று பதறினார் மேனேஜர்.

“போகட்டும் சார்” என்று சொல்லி, அந்தப் பெயரையே அடித்தார் கம்ப்யூட்டர்காரர்.