பூஜைக்கு ஓய்வெடுத்த சர்வர்

ஏற்காட்டில் கொட்டச்சேடு கிராமத்து வீட்டிலிருந்தபடியே சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஸ்கேன் படங்கள் அங்கே நாலு சர்வர்களில் பகிர்ந்து கிடக்கும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று நகல். ஒரு சர்வர் படுத்தால் மற்றவை தாங்கும். சர்வர்கள் இருக்கும் அறையைக் கவனிப்பவர் என்னைவிட மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

அன்று காலை எல்லாவற்றையும் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்புக்கு மாற்றும்போது மூன்றாவது சர்வர் மற்றவற்றோடு சேர மறுத்தது. இன்னொன்றும் படுத்தால் நகல் போதாமல் ஸ்கேன் எடுப்பதே நின்றுவிடும். யார் தப்பென்று தெரிந்தால் அவருக்கு இங்கே வேலையில்லை என்று ஆஸ்பத்திரி மேனேஜர் போனில் சொல்லிவிட்டார்.

தேடினேன். கூட்டம் குறைவாக இருக்கும் என்று மேனேஜர் ஆயுத பூஜையன்று ஏற்றக் குறித்திருந்த முந்தைய பதிப்பு, தானாகவே மற்ற மூன்றிலும் ஏறியிருந்தது. இதில் ஏறவில்லை; அன்று முழுக்க இது அணைந்து கிடந்திருக்கிறது. நடுவில் ஒரு பதிப்பைத் தவறவிட்ட சர்வரைப் புதியது சேர்த்துக்கொள்ளாது. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணா, பூஜையன்னிக்கு மூணாவதை ஆஃப் பண்ணீங்களா?"

"ஆமாங்கம்மா. எல்லாத்தையும் நிறுத்த முடியாதுங்களே. ஒண்ணுக்காச்சும் ஓய்வு குடுத்து, பொட்டு வெச்சுக் கும்பிட்டேனுங்க. மறுநாள் காத்தால போட்டுட்டேன். தப்புங்களா?"

திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. பூஜையன்று எங்கள் வீட்டில் காபிப் பழம் உரிக்கிற மெஷினும் மாலை போட்டுக்கொண்டு சும்மாதான் நின்றது.

விட்டுப்போன பதிப்பை முதலில் ஏற்றி, பிறகு புதியதை ஏற்ற வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் அங்கே தட்டினார். நடுவில் ஏற்காட்டில் கரண்ட் போய்விட்டது, போனிலேயே தொடர்ந்தோம். சர்வர் சேர்ந்துகொண்டது. குறைந்திருந்த நகல்கள் நிரம்ப மத்தியானம் ஆயிற்று.

சாயங்காலம் மேனேஜர் எங்கள் இருவரையும் ஒன்றாகப் போனில் அழைத்தார். "யாரு நிறுத்தினது?"

எதையாவது சொல்லிச் சமாளிக்க நான் வாயைத் திறப்பதற்குள், "நானுங்க" என்றார் அண்ணா. பூஜையைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"பூஜைக்கு ஓய்வு குடுத்தாருங்க சார். அன்னிக்கு அப்கிரேடு இருக்குன்னு நாம யாரும் அவருகிட்டச் சொல்லலைங்க."

"அடுத்த வருஷம் அந்த நாள்ல எதையும் ஏத்த வேண்டாம்" என்றார் மேனேஜர்.

எனக்கு உயிர் வந்தது. அண்ணாவுக்கு அது போதவில்லை.

"அப்ப நாளைக்கு நான் வேலைக்கு வரலாமுங்களா?"